உயர்பாதுகாப்புப் பூட்டில் புது சிலிண்டர்: சாவி சுற்றுகிறது, வளையம் எழும்பவில்லை

#1 உப்பளத்தான்

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன உப்பளம் இருக்கிறது. மோட்டார் ரூமில் புகுந்து இரண்டு தடவை காப்பர் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் வெளிநாட்டிலிருந்து ஒரு கனமான பூட்டு வாங்கிவந்து கொடுத்தார். உடம்பு கெட்டிப்படுத்திய இரும்பு, வளையம் போரான் ஸ்டீல். நான்கு வருடமாக அந்தக் கதவில் வேறு யாரும் கை வைக்கவில்லை.

உடம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. சாவி நுழைந்து திரும்பும் உள்பாகமான சிலிண்டர்தான் போய்விட்டது. உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறி, சாவியைப் பத்து தடவை ஆட்டினால்தான் திரும்புகிறது. பூட்டோடு வந்த தாளில் சிலிண்டரை மட்டும் மாற்றலாம் என்று போட்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் நம் வீட்டுக் கதவில் வரும் அதே யூரோ சிலிண்டர், ஆனால் ஒரு பக்கம் மட்டும். ஹார்ட்வேர் கடையில் கேட்டேன், 'ஹாஃப் சிலிண்டர்' என்று ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள், எதற்கும் பொருந்தும் என்றார்கள்.

உள்ளே போய்விட்டது. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, பூட்டின் அடியில் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது, சாவி சுற்றுகிறது, உள்ளே எதையோ தொடுகிற சத்தமும் வருகிறது, ஆனால் வளையத்தைப் பிடித்திருக்கும் பாகம் நகரவே இல்லை. இப்போது பூட்டு திறந்த நிலையில் மேசை மேல் இருக்கிறது. பழைய சிலிண்டரும் கையில் இருக்கிறது. ஒருமுறை அழுத்திப் பூட்டிப் பார்த்தால் சரியாக உட்காருமா?

#2 கைப்பிடி

வேண்டாம். பூட்டாதீர்கள். வளையத்தை அழுத்தவே அழுத்தாதீர்கள். மீதியைப் பெரியவர்கள் வந்து சொல்வார்கள்.

#3 லேத் பட்டறை

தம்பி, மேலே சொன்னவர் சொன்னதுதான் முதல் பாடம். இந்த ரகப் பூட்டில் சிலிண்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வளையத்தின் குட்டைக்கால் இறங்குகிற துளைக்குள், அடியில் இருந்திருக்கும். பூட்டினால் வளையத்தின் காலே அந்த ஸ்க்ரூவுக்கு மூடி ஆகிவிடும். திருடன் கைக்கு எட்டக்கூடாது என்றுதான் அங்கே வைக்கிறார்கள். பொருந்தாத சிலிண்டரை வைத்து நீங்கள் பூட்டிவிட்டால் உங்கள் கைக்கும் எட்டாது. அப்புறம் கட்டிங் மெஷின்தான்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். யூரோ சிலிண்டரின் வெளி அச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான். மேலே உருண்டைப் பகுதி 17 மி.மீ. விட்டம், கீழே தொங்கும் பகுதி 10 மி.மீ. தடிமன், மொத்த உயரம் 33 மி.மீ. அதனால்தான் கடையில் கொடுத்தது உள்ளே போய்விட்டது, அவர்களும் எதற்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். கதவுக்கு அது உண்மை. பூட்டுக்கு இன்னும் இரண்டு அளவு பார்க்க வேண்டும்.

முதலாவது நீளம். ஹாஃப் சிலிண்டரை 10/30, 10/35 என்று எழுதுவார்கள். நடு ஸ்க்ரூ துளையிலிருந்து பின்பக்கம் 10, சாவி போகும் பக்கம் 30 அல்லது 35. பழையதை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள், அனேகமாக மொத்தம் 40 வரும். புதியது 45 ஆக இருக்கும். துருத்தி நிற்கிறது என்று நீங்கள் சொன்னது அந்த 5 மி.மீ.தான். அதை அப்படியே விடக்கூடாது, குறடு வைத்துப் பிடித்து முறிக்க அந்த ஐந்து மி.மீ. போதும்.

இரண்டாவதுதான் உங்களை அலைக்கழிக்கிறது. சிலிண்டரின் பின்பக்கம் சுற்றுகிற நாக்கு இருக்கிறதே, கேம் என்பார்கள், சாவியை உருவிய நிலையில் அது எந்தத் திசையில் நிற்கிறது என்று பாருங்கள். கதவுக்கான சிலிண்டரில் அது நேர் கீழே நிற்காது, சுமார் 30 டிகிரி சாய்ந்து நிற்கும். அதற்கும் காரணம் உண்டு. சாய்ந்து நின்றால் நாக்கு பக்கச் சுவரில் மாட்டும், சிலிண்டரை வெளியே உருவ முடியாது. சாவி போட்டுக் கொஞ்சம் திருப்பி, நாக்கை உடம்போடு ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால்தான் வெளியே வரும். பூட்டைச் செய்தவன் இந்தக் கணக்கில் செய்திருக்க மாட்டான். அவன் பூட்டுக்குள் நாக்கு நிற்க வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தில் நாக்கு இல்லாவிட்டால் சாவி சுற்றும், நாக்கு ஏதாவது ஒரு ஓரத்தில் இடிக்கும், வளையத்தை விடுவிக்கும் பாகத்தை மட்டும் தொடாது.

இரண்டு சிலிண்டரையும் மேசையில் வைத்து, சாவியை உருவிவிட்டு, பின்பக்கத்திலிருந்து கடிகாரம் மாதிரிப் பாருங்கள். தொங்கும் பகுதி 6 மணி. நாக்கு எத்தனை மணியில் நிற்கிறது என்று எழுதுங்கள்.

#4 உப்பளத்தான்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. நல்லவேளை, பூட்டவில்லை. அளந்துவிட்டேன். பழையது 40, புதியது 45, நீங்கள் சொன்னது போலவே. நாக்கு பழையதில் 9 மணியில் நிற்கிறது. புதியதில் 5 மணிக்குப் பக்கத்தில். புதியதின் நாக்கைக் கையால் திருப்ப முடியவில்லை, நிலையாக இருக்கிறது. கழற்றி வேறு திசையில் மாட்ட வழி உண்டா?

#5 லேத் பட்டறை

அதைத் தொடாதீர்கள். நிலையான நாக்கை நோண்டினால் பின்பக்க கிளிப் போகும், உள்ளே பின் என்கிற சின்னக் குச்சிகளும் ஸ்பிரிங்கும் சிதறினால் அதை அடுக்குவது தனி வேலை. கடையில் பில்லைக் காட்டித் திருப்பிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது நாக்கு திருப்பி வைக்கக்கூடிய ஹாஃப் சிலிண்டர், 10/30. இதில் நாக்கை 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டு இடத்தில் நிறுத்தலாம். பெரும்பாலானவற்றில் பின்பக்கம் சின்னப் பொத்தான் மாதிரி ஒரு பின் தெரியும். அதை ஊசி முனையால் அழுத்தியபடி நாக்கைத் திருப்பினால் 'டக்' என்று அடுத்த இடத்தில் உட்காரும். எட்டு இடம்தான் என்பதால் 5 மணி, 7 மணி எல்லாம் கிடைக்காது. 6, 7:30, 9 என்று போகும். உங்களுக்கு வேண்டிய 9 அதில் இருக்கிறது.

#6 மலைக்கோட்டை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? திண்டுக்கல்லில் ஏழு லீவர் பூட்டு ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் போகாதா? கையால் செய்கிற பூட்டு, 2019-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. நம் ஊர் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுச் சாமானுக்கு ஏன் பாகம் தேட வேண்டும்?

#7 லேத் பட்டறை

ஐயா, திண்டுக்கல் பூட்டின் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. எங்கள் வீட்டு நெல் குதிர் அறையில் தாத்தா போட்ட மாங்காய்ப் பூட்டு இன்றும் தொங்குகிறது, சாவியும் அதே சாவி. ஆனால் அது வேறு வகை. லீவர் தகடுகளை உடம்புக்குள் அடுக்கி, மேல் தகட்டை ரிவிட் அடித்து மூடிவிடுவார்கள். உடம்பும் பொறியும் ஒன்று. பொறி போனால் செய்தவரிடமே கொண்டுபோய் ரிவிட்டை வெட்டித்தான் பார்க்க வேண்டும். தம்பியின் பூட்டில் உடம்பு தனி, சிலிண்டர் தனி. விலையில் பெரும்பகுதி அந்த உடம்புக்கும் வளையத்துக்கும் கொடுத்தது. அது நன்றாக இருக்கும்போது சின்னப் பாகம் போனதற்காக முழுப் பூட்டையும் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. இரண்டு தடவை ஒயர் போன இடம் என்பதையும் பாருங்கள். மெல்லிய வளையம் என்றால் போல்ட் கட்டரில் ஒரு கடிதான்.

#8 மலைக்கோட்டை

சரி, ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்குத் திண்டுக்கல், மோட்டார் ரூமுக்கு இது.

#9 கிரேன் நிழல்

நான் சிங்கப்பூரில் துறைமுகப் பராமரிப்பில் இருக்கிறேன். உப்புக்காற்று என்று படித்ததும் எழுதத் தோன்றியது.

சிலிண்டரை மாற்றுவதோடு நிறுத்தாமல், பழையது ஏன் போனது என்றும் பாருங்கள். சாதாரண பின் சிலிண்டரில் ஒவ்வொரு பின்னுக்குப் பின்னாலும் தலைமுடி போன்ற ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. பித்தளையில் களிம்பு ஏறினாலும், உப்புத்தூள் புகுந்தாலும், அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்குப் பின்னைத் தள்ளும் பலம் இல்லாமல் போகிறது. பின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் சாவியை ஆட்டி ஆட்டித் திறந்தது அந்தப் பின்னைத் தட்டிவிடத்தான்.

நாங்கள் கடல் ஓரத்தில் அப்லாய் பூட்டுகளைப் போட்டிருக்கிறோம். பின்லாந்துக்காரர்கள். எமில் ஹென்ரிக்சன் என்ற ஹெல்சிங்கிக்காரர் 1907-ல் கண்டுபிடித்த சுழல் தட்டு முறை. உள்ளே பின்னும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. வரிசையாகத் தட்டுகள், சாவி திரும்பும்போது ஒவ்வொரு தட்டையும் அதற்குரிய கோணத்துக்குச் சாவியே இழுத்துத் திருப்புகிறது. ஒட்டிக்கொண்டால் தட்டைத் திருப்ப உங்கள் கையின் பலமே இருக்கிறது, ஸ்பிரிங்கை நம்ப வேண்டியதில்லை. பனிக்கட்டியிலும் உப்பிலும் அது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் இதுதான். யூரோ அச்சில் ஹாஃப் சிலிண்டராகவும் செய்கிறார்கள். விலை கூடத்தான். ஆனால் உடம்பு ஏற்கெனவே கையில் இருக்கிறதே, இந்தத் தடவை சிலிண்டரில் செலவழிப்பது நியாயமான செலவு என்பேன்.

#10 கைப்பிடி

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிலிண்டர் வாங்கும்போது சாவி அட்டை ஒன்று தருவார்களா என்று கேளுங்கள். உயர்ரகச் சிலிண்டருக்கு அந்த அட்டையைக் காட்டினால்தான் டூப்ளிகேட் சாவி வெட்டித் தருவார்கள். உப்பளத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், யார் கையில் எத்தனை சாவி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

#11 இரட்டைக் குண்டு

என் கதை வேறு ரகப் பூட்டு. ஆனால் இதைப் படிக்கிற யாராவது ஒருவருக்குப் பயன்படும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அமெரிக்கன் லாக் என்ற கம்பெனியின் பூட்டுகள் முப்பது இருந்தன. அதில் யூரோ சிலிண்டர் கிடையாது, அதற்கென்றே உள்ள உருண்டை சிலிண்டர். ஸ்க்ரூ மட்டும் அதே இடத்தில், வளையத்தின் கால் இறங்கும் துளைக்கு அடியில். கழற்றினால் அடித்தட்டும் சிலிண்டரும் கையோடு வந்துவிடும். அதற்கு மேலே சிலிண்டர் திருப்புகிற ஒரு உருளைத் துண்டு, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பால்ரஸ் குண்டு. அந்த இரண்டு குண்டுகள்தான் வளையத்தின் இரண்டு காலிலும் உள்ள வெட்டில் போய் உட்கார்ந்து பூட்டைப் பூட்டி வைக்கின்றன. சாவியைத் திருப்பினால் உருளையில் உள்ள பள்ளம் குண்டுகளுக்கு நேரே வரும், அவை உள்ளே பின்வாங்கும், வளையம் எழும்பும்.

முதல் பூட்டைக் கழற்றும்போது இது எனக்குத் தெரியாது. அடிப்பக்கம் தரையைப் பார்க்கப் பிடித்திருந்தேன். உருளையும் குண்டுகளும் சிமெண்ட் தரையில் விழுந்து ஒரு குண்டு காணாமலே போய்விட்டது. ஒரு குண்டை மட்டும் வைத்துப் பூட்டை மாட்டினால் பூட்டும், வெளியில் பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஒரு காலில்தான் பிடி இருக்கும், அதாவது பாதிப் பூட்டு. ஆகவே எந்த ரகமாக இருந்தாலும் ஒரு தாம்பாளத்தில் பழைய துணியை விரித்து அதன் மேல் வைத்துக் கழற்றுங்கள். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த உருளையை மாற்றினால் வேறொரு வசதியும் கிடைக்கும். ஒரு வகை உருளை போட்டால் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். இன்னொரு வகை போட்டால் திறந்திருக்கும்போதும் சாவியை உருவலாம். எங்கள் மேலாளர் முதல் வகைதான் வேண்டும் என்று நின்றார். பூட்டாமல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது.

#12 உப்பளத்தான்

பத்து நாள் கழித்து வருகிறேன். கடையில் முதல் சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அப்லாய் இப்போதைக்குக் கைக்கு எட்டவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். நாக்கு திருப்பக்கூடிய 10/30 ஒன்று சென்னையிலிருந்து வரவழைத்தேன். நேற்று உட்கார்ந்தேன்.

நாக்கை 9 மணியில் வைத்தேன். உள்ளே விட்டேன். ஸ்க்ரூவை இறுக்கினேன். சாவி கால் சுற்று போனதும் கெட்டியாக நின்றுவிட்டது. வளையத்தைப் பிடிக்கும் பாகம் ஒரு மயிரிழை அசைந்தது, அவ்வளவுதான். மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டேன். பூட்டு இன்னும் திறந்தேதான் இருக்கிறது, அந்த வார்த்தையை மறக்கவில்லை. என்ன தவறு செய்கிறேன்?

#13 லேத் பட்டறை

9 மணி என்று வைத்தீர்களே, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வைத்தீர்கள்?

#14 உப்பளத்தான்

ஐயோ. சாவித்துளை என்னைப் பார்த்து இருந்தது. பழையதைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன், புதியதை முன்பக்கத்திலிருந்து பார்த்து வைத்திருக்கிறேன்.

#15 லேத் பட்டறை

அதுதான். முன்பக்கத்து 9 பின்பக்கத்துக்கு 3. நேர் எதிர்ப்பக்கம் வைத்திருக்கிறீர்கள். பட்டறையில் பழகிய பையன்களே இதில் மாட்டிக்கொள்வார்கள், மனசு விடாதீர்கள். இரண்டு சிலிண்டரையும் பக்கத்தில் பக்கத்தில், தொங்கும் பகுதி கீழே, சாவித்துளை இரண்டும் ஒரே திசை பார்க்கும்படி வையுங்கள். மணியெல்லாம் வேண்டாம், பழையதைப் பார்த்து அப்படியே புதியதை வையுங்கள்.

மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சாவியைப் போட்டு நாக்கை உடம்போடு ஒரு கோட்டுக்குக் கொண்டுவந்து, அடியிலிருந்து நேராக ஏற்றுங்கள். சுத்தியல் கூடாது, கை பலத்திலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் நாக்கு எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். அடிப்பரப்பும் சிலிண்டர் முகமும் சமமாக வந்ததும் ஸ்க்ரூவைப் போடுங்கள். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து விரல் பலத்துக்கு இறுக்கினால் போதும். சிலிண்டர் பித்தளை, ஸ்க்ரூ இரும்பு. வேகம் காட்டினால் பித்தளைதான் தோற்கும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரே ஒரு சொட்டு ஸ்க்ரூவின் மரையில் தொட்டு வையுங்கள், சிலிண்டர் பக்கம் வழியக்கூடாது.

அப்புறம் வளையத்தை மேலேயே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சாவியை இருபது தடவை திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் வளையத்தைப் பிடிக்கும் பாகம் முழுசாகப் பின்வாங்கித் திரும்ப வருகிறதா என்று டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். இரண்டாவது சாவியிலும் அதே இருபது. எல்லாம் முடிந்த பிறகுதான் பூட்டுவது. முதல் தடவை பூட்டும்போதும் கதவில் மாட்டிப் பூட்டாதீர்கள், மேசை மேல் வைத்துப் பூட்டுங்கள்.

#16 கிரேன் நிழல்

எண்ணெய் விஷயம் யாரும் பேசவில்லையே. உப்பளத்தில் தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள் தயவுசெய்து. கொஞ்ச நாள் வழுக்கும், அப்புறம் உப்புத்தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு பசையாகிவிடும். மெஷின் ஆயிலும் அங்கே அதே கதைதான்.

#17 இரட்டைக் குண்டு

கிராஃபைட் பவுடர் நல்லது. நான் எப்போதும் அதுதான்.

#18 கிரேன் நிழல்

கடலுக்குத் தள்ளி, வறண்ட இடத்தில் நல்லது. கடல் ஓரத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈரம் புகுந்தால் கிராஃபைட் கட்டி தட்டுகிறது, தவிர அது மின்சாரம் கடத்தும் பொருள். பித்தளையும் இரும்பும் உப்புநீரும் ஒன்றாக இருக்கிற இடத்தில் அதையும் சேர்த்தால் அரிப்பு வேகமாகும். பி.டி.எஃப்.இ., அதாவது டெஃப்லான், கலந்த உலர் ஸ்பிரே அடியுங்கள், காய்ந்ததும் மெல்லிய படலம் மட்டும் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட சிலிண்டரில் எந்தப் பவுடரையும் போடாதீர்கள், முதலில் கழுவ வேண்டும்.

#19 இரட்டைக் குண்டு

கடல் ஓரத்தில் நான் வேலை பார்த்ததில்லை. நீங்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளலாம்.

#20 உப்பளத்தான்

திறந்துவிட்டது!

பழையதைப் பார்த்து நாக்கை அப்படியே வைத்தேன். முதல் திருப்பிலேயே உள்ளே அந்தப் பாகம் முழுசாகப் பின்வாங்கியது, டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு சாவியிலும் இருபது இருபது. என் பையன் எண்ணினான். பிறகு மேசை மேல் வைத்துப் பூட்டித் திறந்தோம். பூட்டும்போது வருகிற அந்தக் கனத்த சத்தம் நான்கு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம்.

முகம் அடிப்பரப்போடு சமமாக இருக்கிறது, நகம் வைத்தால் கூடத் தடுக்கவில்லை. உலர் ஸ்பிரே அடித்திருக்கிறேன். மழைநீர் சாவித்துளையில் இறங்காதபடி பழைய டியூபில் ஒரு மூடி வெட்டி மாட்டியிருக்கிறேன், அடிப்பக்கம் மட்டும் திறந்திருக்கிறது, உள்ளே ஈரம் தங்காது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது இதே பூட்டு இன்னொன்று கொண்டுவருகிறாராம், வாசல் கேட்டுக்கு. இரண்டுக்கும் ஒரே சாவி வேண்டும் என்றால் அந்தச் சிலிண்டரை எப்படிக் கேட்டு வாங்குவது?

#21 லேத் பட்டறை

சந்தோஷம் தம்பி. சிலிண்டர் பெட்டியிலோ சாவியின் தலையிலோ ஒரு எண் அடித்திருக்கும். அந்த எண்ணைச் சொல்லி, இதே சாவிக்கு இன்னொரு 10/30 என்று வாங்கிய இடத்திலேயே கேளுங்கள். எண்ணை இங்கே எழுதிவிடாதீர்கள், சாவியின் படத்தையும் போடாதீர்கள். படத்திலிருந்தே வெட்டுகளை அளந்து சாவி செய்கிற ஆட்கள் உண்டு.

புதுப் பூட்டு வந்ததும் அதிலிருக்கும் சிலிண்டரைக் கழற்றி, அதன் நாக்கு எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அதே மாடலாக இருந்தாலும் 9 என்று நீங்களாக வைத்துக்கொள்ள வேண்டாம்.